அடுப்பங்கரைக்குப் பித்தளையும் சவுக்கும்

பாட்டியின் பித்தளைப் பாத்திரங்களும் ஊறுகாய் பரணிகளும் இருக்கின்றன, இடம்தான் சின்னது, இந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுப்பங்கரையை எப்படி அலங்கரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு அடுப்புக்கு மேலே கட்டிய சவுக்குக் கிளை காய்ந்து மேடையெங்கும் கொட்டியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுப்புச் சூடுதான் காரணம். அங்கே இனிமேல் கட்டவே வேண்டாம், காய்ந்த சவுக்கு சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் பக்கம் பித்தளைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி, கிளையின் அடியைச் சாய்வாக வெட்டிச் செருகுங்கள். தண்ணீருக்குள் போகும் பகுதியில் பச்சையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி நாறும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

பித்தளைக்குப் புளிதான். தேய்த்துக் கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். ஆனால் எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்காதீர்கள். ஒன்றிரண்டு மங்கலாக இருந்தால்தான் அழகு. (வீட்டுப் பெரியவர்கள் திட்டலாம், அது வேறு கதை.)

சிவப்புக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பரணி நிறைய வற்றல் மிளகாய் போட்டு வையுங்கள், பண்டிகை முடிந்ததும் சமையலுக்கு ஆகும். அப்புறம், அச்சுமுறுக்கைப் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கலாம். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிப்பான எதையும் மட்டும் வைக்காதீர்கள்.