மீன் வயித்துல ரெண்டு பேர், தப்பிச்சது ஒருத்தர்தான்

கேள்வி: சர்ச் யூத் மீட்டிங்ல பேசப்போறேன். கட்டவிழ்த்துத் தப்பிக்கற மேஜிக்காரர் ஹூடினி, பைபிள்ல வர்ற தீர்க்கதரிசி யோனா ரெண்டு பேருமே மீன் வயித்துக்குள்ள போய் தப்பிச்சு வந்தவங்க, அதான் டாபிக். மேஜிக்காரனைத் தீர்க்கதரிசியோட ஒப்பிடாதேன்னு பெரியவங்க சண்டை போடறாங்க. நான் சென்னையில வேலை, ஊர்ல அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ், அதை தங்கச்சி பாத்துக்கறா, அதனால ப்ரிப்பேர் பண்ண டைம் இருக்கு. பேசலாமா அக்கா?
- வாசகர், சென்னை

பதில்: பெரியவங்க கிடக்கட்டும் தம்பி. ஹூடினி ஒரு ரபியோட, அதாவது யூத மத குருவோட பையன், அவரை பைபிள் பக்கத்துல வெச்சா ஒண்ணும் தீட்டாயிடாது. 1911-ல பாஸ்டன்ல ஏதோ ஒரு செத்த கடல் பிராணி, திமிங்கிலமா ஆக்டோபஸான்னே யாருக்கும் புரியல, அதுக்குள்ள அவரை விலங்கு மாட்டி அடைச்சு வயித்தை சங்கிலியால இழுத்துக் கட்டினாங்க, அந்தப் பிராணியோட உடம்பு கெடாம இருக்கப் போட்ட மருந்து நெடியில மூச்சு முட்டியும் கால் மணி நேரத்துல வெளிய வந்துட்டார்.

ஆனா யோனா எங்க தப்பிச்சார்? மூணு நாள் உள்ள கிடந்து ஜெபம் பண்ணினார், மீன் கரையில கக்குச்சு. அவர் தப்பிக்கப் பார்த்தது மீன்கிட்ட இருந்து இல்ல, நினிவே நகரத்துக்குப் போன்னு கடவுள் சொன்ன வேலைகிட்ட இருந்து. யோப்பாவுல கப்பல் ஏறி தர்ஷீசுக்கு ஓடினார். புயல் வந்தப்ப என்ன பண்ணார்னு உங்க நோட்ஸ்ல இருக்கா? கீழ்த்தட்டுல படுத்துத் தூங்கினார். சரக்கைத் தூக்கிக் கடல்ல போட்டு மாரடிச்சது சம்பந்தமே இல்லாத கப்பக்காரங்க.

'தங்கச்சி பாத்துக்கறா'ன்னு போறபோக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அந்த கப்பக்காரங்க இடத்துல இப்ப நிக்கறது அவதான். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் மெஷின்ல மட்டும் நாலு மணி நேரம், அப்புறம் போக வர, தலை சுத்துற அப்பாவைக் கைத்தாங்கலா ஆட்டோ ஏத்தணும், எவ்வளவு தண்ணி குடிச்சார்னு டம்ளர் கணக்கு வேற. அவ படிக்கறாளா வேலைக்குப் போறாளா, ஒரு வார்த்தை எழுதல நீங்க. இந்த மாதிரி லெட்டர் எனக்கு எத்தனையோ வந்தாச்சு, எல்லாத்துலயும் பாத்துக்கறது ஒரு தங்கச்சிதான், டைம் இருக்கறது அண்ணனுக்குத்தான். பெத்தவனைப் பாக்கறது பொண்ணு தலையில மட்டும் எழுதியிருக்கா என்ன?

ஹூடினியைப் பத்தி பேசறதா இருந்தா முழுசா பேசுங்க. 1892-ல அப்பா செத்ததுக்கு அப்புறம் அம்மாவை உள்ளங்கையில வெச்சுத் தாங்கின ஆள் அவர். 1913-ல கோபன்ஹேகன்ல ஷோவுக்குப் போன இடத்துல அம்மா தவறிட்டாங்கன்னு தந்தி வந்ததும் மயங்கி விழுந்து, ஷோவை எல்லாம் கேன்சல் பண்ணிட்டு அட்லாண்டிக்கைத் தாண்டி வீட்டுக்கு ஓடினார். உங்களுக்கு ஊர் ஒரு ராத்திரி ட்ரெயின்.

தாராளமா பேசுங்க, ஆனா அடுத்த மாசம். இந்த வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டு ஊருக்குப் போய் ஒரு வாரம் டயாலிசிஸ் சென்டர் பெஞ்ச்ல உக்காருங்க. நோட்ஸையும் அங்கயே எழுதலாம், வெயிட்டிங்ல நேரம் நிறைய கிடைக்கும். போறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு போன் போட்டு எந்தெந்தக் கிழமை டேட்னு கேளுங்க, உங்களுக்கு அதுவே தெரியாதுன்னு நினைக்கறேன்.