மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம்: குரூப் 4-ஆ, வேலையா?

தம்பி, வீட்டில் குரூப் 4 படி என்கிறார்கள், ஏஜென்சிக்காரர் 80,000 கட்டினால் வேலை என்கிறார், எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். என் அறைத்தோழன் இப்படிக் கட்டிவிட்டு ஆறு மாதம் அந்த ஆபீஸ் வாசலில் நின்றான். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

என் யோசனை அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியில் சேர்ந்து வேலை பழகுவது. மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சென்னையில் இதற்கான அலுவலகம் தரமணியில் இருக்கிறது. நானும் அம்பத்தூரில் இப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் மாதம் முழுக்க வெர்னியர் அளவுகோலும் கையுமாக ஷாஃப்ட் (சுழல் தண்டு) விட்டம் அளந்ததுதான் வேலை. சாப்பிடும்போதுகூட விரலில் கட்டிங் ஆயில் வாசம் போகாது. ஆனால் அடுத்த இன்டர்வியூவில் அவர்கள் கேட்டதெல்லாம் அதைத்தான்.

அப்புறம் குரூப் 4. அதை விட வேண்டாம். 200 கேள்வியில் 100 தமிழ். காலையில் ஒரு மணி நேரம் ஆறு முதல் பத்து வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வாருங்கள். டிகிரி சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா? இல்லையென்றால் நாளைக்கே கல்லூரிக்குப் போய் வாங்கிவிடுங்கள்.