பெரிய பேடு கட்டினால் கோல் சிறியதாகுமா?

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். மகளுக்கு 13 வயது, உயரம் 148 சென்டிமீட்டர். பள்ளி ஹாக்கி அணியில் கோல்கீப்பர். பள்ளியில் இருப்பது ஒரே செட் பேடு (கீப்பர் காலில் கட்டிக்கொள்ளும் நுரைக் காப்பு). பிளஸ் டூ பிள்ளைகளுக்காக வாங்கியது, இவளுக்குப் பாதித் தொடை வரை ஏறுகிறது. மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் இவளுடைய அம்மான் புது செட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். "பெரியதாகவே வாங்குவோம், கல்லூரி வரைக்கும் ஆகும், கோலையும் அடைத்துக்கொள்ளும்" என்பது அவர் கட்சி. மாலையில் மைதானத்தில் கூடும் பெரியவர்களில் ஒருவர், ஐஸ் ஹாக்கி கீப்பர்களின் படத்தைக் கைபேசியில் காட்டி அதையே சொல்கிறார். இன்னொருவருக்கு வேறு வருத்தம். சென்ற மாதப் போட்டியில் இடைவேளைக்குப் பிறகு உடற்கல்வி ஆசிரியர் என் மகளை வெளியே எடுத்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணை நிறுத்தினார். 0-1 என்று தோற்றோம். அந்த முடிவே தவறு என்கிறார் அவர். எந்த அளவு வாங்குவது? ஆசிரியரிடம் நான் பேசலாமா?

பதில்: மகளின் முட்டிக்குப் பொருந்துகிற அளவை வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட வேண்டாம். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடலாம். பேடில் அந்த வசதி கிடையாது. இனி காரணங்களுக்கு வருகிறேன். அம்மானிடம் வாதாட உங்களுக்குச் சரக்கு வேண்டுமே.

முதலில் அந்த ஐஸ் ஹாக்கிப் படம். அது வேறு ஆட்டம், கோலும் வேறு. அங்கே கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். மொத்தம் 24 சதுர அடி. அதன் முன்னால் ஒரு பெரிய ஆள் பஞ்சுப் பொதி போல உட்கார்ந்தால் பாதி வாசல் அடைபட்டுவிடும். அதனால்தான் வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் கீப்பர்களின் உடுப்பு அளவு தீராத சண்டையாக இருக்கிறது. கோல்கள் குறைந்துவிட்டன என்ற புகார் முற்றி, 2005-ல் கால் பேடின் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11 ஆகக் குறைத்தார்கள். மார்புக் காப்பு, கால்சட்டை எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும்படி பின்னர் சுருக்கினார்கள்.

நம் ஹாக்கியில் கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதாவது 12 அடிக்கு 7 அடி, 84 சதுர அடி. ஐஸ் ஹாக்கிக் கோலைப் போல மூன்றரை மடங்கு. கால் பேடு ஒவ்வொன்றும் அதிகபட்சம் 300 மில்லிமீட்டர் அகலம் இருக்கலாம் என்கிறது பன்னாட்டு ஹாக்கிச் சம்மேளனத்தின் விதி. முழு அகலத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் 60 சென்டிமீட்டர்தான் அடைபடும். மூன்று மீட்டருக்கு மேல் திறந்தே கிடக்கும். இதில் பேடுக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கையில் அணியும் காப்புக்கும் 355க்கு 228 மில்லிமீட்டர் என்று வரம்பு உண்டு. இவை போதாதென்று, கீப்பரின் இயல்பான உடல் அளவையோ காக்கும் பரப்பையோ குறிப்பிடத்தக்க அளவு பெரிதாக்கும் எதையும் அணியக்கூடாது என்றும் விதி சொல்கிறது. உடம்பால் கோலை அடைக்கும் யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

அப்படியானால் 148 சென்டிமீட்டர் பெண் அந்த 84 சதுர அடியை எப்படிக் காப்பது? நிற்கும் இடத்தால்தான். ஒரு நாள் மாலை இதைச் செய்து பாருங்கள். மைதானத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோல் கம்பங்களின் அடியிலும் கம்பத்துக்கொரு கயிற்றைக் கட்டி, இரண்டு முனைகளையும் நேர் எதிரே 10 மீட்டர் தள்ளி வைத்த பந்தில் சேருங்கள். அந்த முக்கோணத்துக்குள் போகிற பந்துதான் கோலாகும். மகளைக் கோட்டின்மேல் நிற்கச் சொல்லுங்கள். கயிற்றுக்குக் கயிறு 3.66 மீட்டர். மூன்று மீட்டர் முன்னே வரச் சொல்லுங்கள், இடைவெளி 2.56 மீட்டராகிவிடும். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் லாபம். எந்தக் கடையிலும் இவ்வளவு அகலத்துக்குப் பேடு விற்கமாட்டார்கள். பந்தை டி-யின் (கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்ட பகுதி) ஓரத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி பார்த்தால், எந்தப் பக்கக் கம்பத்தைப் பார்த்து எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பது அவளுக்கே பிடிபடும்.

இதற்கு விலையும் உண்டு. முன்னே வந்தால் நேரம் குறையும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 10 மீட்டரை ஏறத்தாழ 0.36 நொடியில் கடக்கும். 7 மீட்டர் என்றால் கால் நொடிதான். பக்கவாட்டில் பாஸ் போனால் மூன்று மீட்டர் முன்னே நிற்கிறவள் உடனே திரும்பி ஓடியாக வேண்டும். பெரிய பேடு கெடுப்பது இந்த இடத்தில்தான். பேடின் முட்டிப் பகுதியில் மடங்குவதற்கென்று ஒரு வளைவு வைத்திருப்பார்கள். அது முட்டிச் சில்லுக்கு நேராக இருந்தால் கால் மடங்கும்போது பேடும் மடங்கும். தொடை வரை ஏறிய பேடில் அந்த வளைவு முட்டிக்கு மேலே போய்விடுகிறது. பிள்ளை குனிய முயன்றால் பேடு மடங்காமல் எதிர்த்துத் தள்ளும். அவள் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வளைப்பாள். அந்த நிலையிலிருந்து பக்கவாட்டில் தாவ முடியாது. கூடவே, உயரமான பேடுகளின் மேல்முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். அதைத் தவிர்க்கக் காலை அகட்டுவாள். அகட்டிய கால்களின் நடுவே பந்து போகும். பிறகு "பிள்ளைக்குக் குனியத் தெரியவில்லை" என்று ஊர் சொல்லும்.

அளவு எடுப்பது எளிது. மகளைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, தரையிலிருந்து முட்டிச் சில்லின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். இதையும் உயரத்தையும் காலணி அளவையும் ஈப்போவுக்கு எழுதி அனுப்புங்கள். தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் இவை எந்த அளவில் விழுகின்றனவோ அதுதான் அவளுடையது. இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் சிறியதையே எடுக்கச் சொல்வேன். அஸ்லான் ஷா கோப்பை என்ற பன்னாட்டு ஹாக்கிப் போட்டி நடக்கும் ஊர் அது. அம்மானுக்கு அங்கே விவரம் தெரிந்த கடைக்காரர் கிடைக்காமல் போகமாட்டார். இங்கேயே வாங்குவதானால் ஜலந்தர் தயாரிப்புகளைப் பாருங்கள். பேடு வந்தவுடன், மாற்றித் தரும் தவணை முடிவதற்குள் கட்டிப் பார்த்துவிட வேண்டும். கணுக்கால் பக்கத்து வாரை இறுக்கி, முட்டிக்கு மேல் உள்ள வாரைச் சற்றுத் தளர விடுங்கள். உட்கார்ந்து எழ வேண்டும், பக்கவாட்டில் நாலெட்டு ஓட வேண்டும், தரையில் விழுந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தடங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கிக்கரிலும் அதே கவனம் வேண்டும். காலணிமேல் மாட்டும் காப்பு அது. பந்தை உதைத்துத் தள்ளுவது அதைக் கொண்டுதான். பெரியதாக இருந்தால் நுனி தரையில் இடறும். உதைத்த பந்து நினைத்த பக்கம் போகாமல் எதிராளியின் ஸ்டிக்குக்கே போய்ச் சேரும். இடது வலது வித்தியாசம் உண்டு, மாற்றி மாட்டக்கூடாது.

பணம் போதாமல் ஏதாவது ஒன்றைத் தள்ளிப்போட வேண்டுமானால், தயவுசெய்து ஹெல்மெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. உங்கள் பக்கத்துச் செம்மண் தரையில், சரளைக் கல்லில் பட்டு முகத்துக்கு எகிறும். செயற்கைப் புல்லில் பந்து எங்கே வரும் என்று கணிப்பதைப் போல இங்கே கணிக்க முடியாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. விரிசல் விட்ட பழைய ஹெல்மெட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, பெண்களுக்கான இடுப்புக் காப்பு ஆகிய மூன்றும் அடுத்து. கால் பேடு அதற்கும் பிறகுதான். அம்மான்கள் பொதுவாகப் பேடில் தொடங்குகிறார்கள். புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவது அதுதானே.

இனி ஆசிரியரின் முடிவு. நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரே செட் உள்ள பள்ளியில் கீப்பரைப் பெட்டிதான் தேர்ந்தெடுக்கிறது. பெட்டியில் இருக்கும் பேடு யாருக்குப் பொருந்துகிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் கால் மடங்கும், அந்தப் பிள்ளைதான் நன்றாக ஆடுவதாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் பெண்ணை ஆசிரியர் இறக்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வெயிலும் காரணமாக இருக்கலாம். அவ்வளவு நுரைப் பொதியைக் கட்டிக்கொண்டு மதிய ஆட்டத்தில் பாதி நேரம் நின்ற 13 வயதுப் பிள்ளை வாடியிருப்பாள். அல்லது இருவருக்கும் பாதிப் பாதி என்று முன்பே திட்டமிட்டிருக்கலாம். 0-1 என்ற எண்ணை வைத்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது, அதற்கு முன் பந்து எங்கே பறிபோனது என்று அந்தப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

ஒரே ஆட்டத்தில் கீப்பரை மாற்றுவது விபரீதமும் அல்ல. 2023 உலகக் கோப்பையில் இந்திய அணியின் கீப்பர்கள் ஸ்ரீஜேஷும் கிருஷன் பகதூர் பதக்கும் ஒரே ஆட்டத்துக்குள் மாறி மாறி நின்றார்கள். நியூசிலாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டின் (சமனான ஆட்டத்தை முடிவுசெய்ய ஒவ்வொருவராகக் கீப்பரை எதிர்கொள்ளும் சுற்று) நடுவே ஸ்ரீஜேஷ் காயப்பட்டபோது பதக் தயாராக இருந்தார். இந்தியா தோற்றது, ஆனால் இரண்டாவது கீப்பரைப் பழக்கி வைத்திருந்தது தவறென்று எவரும் சொல்ல முடியாது. மறுபக்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட அணியில் இந்தியா ஒரே கீப்பரைத்தான் எடுத்தது. பதக் மாற்று வீரராக வெளியே இருந்தார். கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையுடன் வெளியேறிய பிறகு, பத்துப் பேருடன் ஆடி, ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷை நம்பி இந்தியா வென்றது. இரண்டு வழியும் நடைமுறையில் உள்ளவைதான். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பள்ளி அளவில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆட்ட நேரம் கொடுக்கும் ஆசிரியரே மேல். ஒரே கீப்பரை நம்பிய பள்ளி, அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்ட வாரத்தில் நிர்க்கதியாகும்.

எனக்கு உடன்பாடில்லாத மாற்றம் ஒன்று உண்டு: கடைசி நிமிடங்களில் கீப்பரையே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு தாக்குதல் வீராங்கனையை இறக்குவது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பள்ளி ஆட்டங்களிலும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். 2019 முதல் முழுக் காப்பு அணியாத எவருக்கும் கீப்பர் சலுகை கிடையாது. பந்தைக் காலாலும் உடம்பாலும் தடுக்க முடியாது, ஸ்டிக் ஒன்றே கதி. அந்த நேரத்தில் பெனால்டி கார்னர் (தற்காக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) விழுந்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்றவும் முடியாது. காயமோ தண்டனையோ பெற்ற கீப்பருக்கு மட்டும்தான் அங்கே விலக்கு. கீப்பரே இல்லாத அணிக்கு அந்த விலக்கால் பயனில்லை.

ஆசிரியரிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் "ஏன் எடுத்தீர்கள்" என்று தொடங்க வேண்டாம். மகளுக்குத் தனி செட் வரப்போகிறது, பள்ளி செட் இனி அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கே இருக்கலாம் என்று சொல்லுங்கள். இடைவேளையில் வியர்வை ஊறிய பேடை ஒருத்தி கழற்ற இன்னொருத்தி கட்டும் அவசரம் அதோடு தீர்ந்துவிடும். யாரை எப்போது இறக்குவது என்பதை அவர் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யலாம். அதன் பிறகு, மகள் எதில் தேற வேண்டும் என்று கேளுங்கள். பந்துக்கு முன்னே வருவதில் என்றோ, உதைத்து ஒதுக்குவதில் என்றோ குறிப்பான பதில் வந்தால், அவர் அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. விடுமுறையில் கீப்பர் பயிற்சி தரக்கூடியவர் யாராவது உண்டா என்று விசாரிக்கும்படியும் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

மைதானத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோலுக்குப் பின்னால் நின்று "வெளியே வா, உள்ளே போ" என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். பாரிஸில் அந்தக் கால் இறுதியின் ஷூட் அவுட்டின்போது கோலுக்குப் பின்னாலிருந்து எதிரணி கீப்பருக்கு யோசனை சொன்னார்கள் என்று ஹாக்கி இந்தியா அமைப்பே புகார் கொடுத்தது. கீப்பர் ஒரு குரலைத்தான் கேட்க முடியும். அது ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். பேடு, கிக்கர் எல்லாம் அழுத்தமான நுரையால் ஆனவை. மொட்டை மாடி வெயிலில் போட்டாலும் காரின் பின்பெட்டியில் பூட்டிவைத்தாலும் உருமாறிக் கெட்டியாகும். வளவில் நிழலான பத்தியில் காற்றாட நிறுத்திவையுங்கள். மற்றது, கிக்கரின் அடியில் போகும் வார். சரளைத் தரையில் முதலில் அறுவது அதுதான், அதுவும் ஆட்டத்தின் நடுவே. செட்டோடு இரண்டு ஜோடி உதிரி வார்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே செருப்புத் தைப்பவரிடம் ஒரு ஜோடியை மாதிரிக்குக் கொடுத்தால் அடுத்தவற்றை அவரே வெட்டித் தருவார்.