அண்ணனோடு பேச்சு இல்லாமல் ஆராதிக்கலாமா?

சகோதரரே, அண்ணனிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராததால் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, அதனால் ஆராதனையே பொய்யாகத் தெரிகிறது, ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்.

மத்தேயு 5:23, 24-ஐ நிதானமாக வாசியுங்கள். உங்களுக்கு அவர்மேல் குறை என்றில்லை, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" இருக்கிறது. ஆகவே முதலில் போக வேண்டியவர் நீங்கள்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அங்கேயே வைத்துவிட்டு, சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொல்கிறார் ஆண்டவர். பின்பு வந்து செலுத்தவும் சொல்கிறார். திரும்பி வருவதும் கட்டளைதான்.

வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள். தனியாக நேரில் போய், "உங்கள் பணத்தை வைத்துக்கொண்டது என் தப்பு" என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று ஆரம்பித்தால் மன்னிப்பு வழக்காகிவிடும், பலருக்கும் கெடுவது இங்கேதான். கையில் முதல் தவணையோடு போங்கள், மீதிக்குத் தேதி சொல்லுங்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அந்தச் சட்டம் இன்று நம்மை அப்படியே கட்டுமா என்பது வேறு பேச்சு. ஆனால் இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்றது யாரும் கேட்காமலே.

அவர் கதவைச் சாத்தினால்? எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் சொல்கிறது. பணத்தை மட்டும் நிறுத்தாமல் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போங்கள்.