ஒரே அடிதானே, அது எப்படிக் கொலையாகும்?

அன்புள்ள ஐயா,

எங்க டீக்கடையில ஒரு வாக்குவாதம்ங்க. தடப்பள்ளி வாய்க்கால் மடையில தண்ணி முறைக்காக ரெண்டு பங்காளிகளுக்குப் பேச்சு முத்தி, ஒருத்தர் மம்முட்டியால மண்டையில ஒரே அடி. அடிபட்டவர் அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டார்னு வெச்சுக்குங்க. திட்டம் போடலை, கோபத்துல அடிச்சது, நல்லா வைத்தியம் பார்த்திருந்தா பொழச்சிருப்பார். இது கொலையாகுமுங்களா?

கோபிசெட்டிபாளையம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'திட்டம்' என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். இன்றைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவு கொலைக்குத் திட்டம் கேட்கவில்லை. (1.7.2024க்கு முன் நடந்ததென்றால் இ.பி.கோ. 300, சாரம் அதேதான்.) கொல்லும் எண்ணம் இருந்தால் கொலை என்பது ஊருக்கே தெரியும். வக்கீல்கள் மல்லுக்கட்டுவது மூன்றாவது கூறில். சாக வேண்டுமென்று நினைக்காவிட்டாலும், இயல்பான போக்கில் உயிர்போகப் போதுமான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் அதுவும் கொலை.

1958இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கிலும் ஒரே குத்துதான், வயிற்றில், ஈட்டியால். அந்தத் தீர்ப்பு காட்டிய வழி இது: காயம் என்ன, எங்கே என்று பார். அந்தக் காயத்தைத்தான் உண்டாக்க நினைத்தாரா, கை தவறிப் பட்டதா என்று பார். அது உயிர்போகப் போதுமானதா என்பது அதன்பின் வரும் தனிக் கேள்வி. போதுமானது என்று அடித்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே மம்முட்டியின் வாய்ப்பக்கம் பட்டதா, காம்பு பட்டதா என்பதில் வழக்கே திரும்பும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் 'தலைக்காயத்தால் இறந்தார்' என்பதோடு நிறுத்திக்கொண்டால் அரசுத் தரப்புக்குச் சிக்கல். 'போதுமான காயம்' என்று சாட்சியம் வர வேண்டும்.

எண்ணத்தை எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள் என்பதற்கு, சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் 1919ஆம் ஆண்டு பழனிக் கவுண்டன் வழக்கு. மனைவியை ஏர்க்கொழுவால் தலையில் அடித்தார். மயங்கியவளைச் செத்தவள் என்று நினைத்துத் தூக்கில் மாட்டினார். உயிர் போனது கயிற்றில். பிணம் என்று நம்பியவரிடம் கொல்லும் எண்ணம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு கொலைக் குற்றத்தை நீக்கிக் கொடுங்காயத்துக்கு மட்டும் தண்டித்தது. ஜீரணிக்கக் கடினமான தீர்ப்புதான்.

வைத்திய வாதம் நிற்காது. நல்ல சிகிச்சையால் காப்பாற்றியிருக்கலாம் என்றாலும் சாவுக்குக் காரணம் காயம் செய்தவரே என்று 100ஆம் பிரிவின் விளக்கம் நேராகவே சொல்கிறது. ஐந்து நாள் இடைவெளியும் அப்படியே. முதலில் 109, கொலை முயற்சி என்று பதிந்திருப்பார்கள்; ஆள் இறந்ததும் கொலைக்குத் தண்டனை சொல்லும் 103க்கு மாற்றுவார்கள்.

கோபத்துக்கு மட்டும் இடம் உண்டு. 101இன் விதிவிலக்குகளில் ஒன்று திடீர்ச் சண்டை. முன்யோசனை இருக்கக் கூடாது, சூடு ஆறியிருக்கக் கூடாது, எளியவன் மேல் அளவுமீறியோ கொடூரமாகவோ பாய்ந்திருக்கக் கூடாது. யார் முதலில் தொடங்கினார் என்பது பொருட்டில்லை. மடை கட்டக் கையில் வைத்திருந்த மம்முட்டி வேறு, வீட்டுக்குப் போய் எடுத்துவந்த அரிவாள் வேறு. இது நிலைத்தால் 103 (தூக்கு அல்லது ஆயுள்) பொருந்தாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான 105தான். அதில் எண்ணம் இருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு, விளைவு தெரிந்திருந்தது என்ற அளவில் மட்டும் என்றால் 10 ஆண்டு வரை.

ஆனால் விதிவிலக்கைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை நீண்டிருக்க வேண்டும்; அடித்தவர் உடம்பிலும் காயம் இருந்திருந்தால், அன்றே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கினாரா என்பதைத்தான் அவருடைய வக்கீல் முதலில் கேட்பார்.