இருபத்தாறு முறை ‘ஐ நோ’

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாடலில் ‘ஐ நோ’ (எனக்குத் தெரியும்) ஏன் அத்தனை முறை வருகிறது? பாடினால் மூச்சு முட்டுகிறதே?

பதில்: மொத்தம் 26 முறை. அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார் விதர்ஸ். உடன் வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். நல்லவேளை, கேட்டார்! 1971இல் வெளியான பாடல். தயாரிப்பு புக்கர் டி. ஜோன்ஸ். அப்போது விதர்ஸுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கடற்படையில் 9 ஆண்டுகள், பிறகு விமானக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலை வேலை. அந்த நிதானம் குரலில் அப்படியே இருக்கிறது.

பாடும்போது முதல் ‘ஐ நோ’விலேயே குரலை உயர்த்தாதீர்கள், பாதியில் காற்று தீர்ந்துவிடும். முந்தைய வரி முடிந்ததும் வயிறு நிறைய மூச்செடுத்து, பேசும் அளவிலேயே தொடங்குங்கள். ‘நோ’வை இழுக்காமல் வெட்டுங்கள். வேகம் கூடினால் காலால் தாளம் தட்டிப் பழகுங்கள்.

1985க்குப் பிறகு அவர் புது ஆல்பம் தரவில்லை. அந்த விலகலையும் நான் மதிக்கிறேன்.