மறுகா, மறுகா என்று எட்டு மாதம்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில், மனைவியின் ஊரில் வசிக்கும் ஆசிரியர். வயது 36. முதுகலைமாணிப் பட்டத்துக்காக எங்கள் பகுதிப் பொலிப் பாடல்களை, அதாவது நெற்சூடு மிதிக்கும் களத்தில் பாடும் பாடல்களை, ஆய்வுக்கு எடுத்தேன். பழுகாமத்தில் என் அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வளவில், சூடு மிதித்த காலத்தில் களத்தில் நின்று பாடிய மூத்தப்பா ஒருவர் இருக்கிறார். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அவருக்குப் பாட இடமில்லை. 14 மாலைகள் அவரைப் பாடவைத்துப் பதிவுசெய்தேன்.

முதல் அத்தியாயத்தை மேற்பார்வையாளர் திருப்பித் தந்தபோது, ஓரத்தில் சிவப்பு மையால் "விபரிப்பு இருக்கிறது, ஆய்வு எங்கே?" என்று எழுதியிருந்தார். எட்டு மாதமாக அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. இரவில் மடிக்கணினி முன் உட்காருவேன். புள்ளிப் பட்டியல், கோயில் கணக்கு எல்லாம் முடிப்பேன். ஆய்வேட்டை மட்டும் 'மறுகா (பிறகு) பார்ப்போம்' என்று விட்டுவிடுவேன். மேற்பார்வையாளரின் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பதில் போடவில்லை. ஊருக்குப் போனால் மூத்தப்பா வேலியோரம் வந்து, "மனே, நம்முடைய புத்தகம் எப்போது வரும்?" என்று கேட்கிறார். அதனால் இப்போது அம்மாவைத்தான் இங்கே வரச் சொல்கிறேன். மனைவி இதைச் சோம்பல் என்கிறார். உண்மைதானா?

அன்புள்ள தம்பி,

கோயில் கணக்கை இரவிரவாகப் பார்ப்பவரைச் சோம்பேறி என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஆய்வேடு அல்ல. அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரி. ஒரு கோப்பைத் திறக்கப் பயந்தவர், இப்போது அம்மாவின் ஊருக்குப் போகும் பட்டிருப்புப் பாலத்தையே கடக்காமல் இருக்கிறார்.

அந்தக் கோப்பை நினைத்ததும் சிவப்பு மை கண்ணில் வருகிறது, வயிறு இறுகுகிறது. 'மறுகா' என்றதும் இறுக்கம் தளர்கிறது. அந்த நிமிட நிம்மதிதான் கூலி. கூலி கிடைத்த வேலையை மனம் நாளைக்கும் செய்யும். ஒத்திப்போடுவதை நேர முகாமைத்துவக் குறைபாடாக அல்லாமல், வேண்டாத உணர்விலிருந்து தப்பும் முயற்சியாகப் பார்க்க வேண்டும் என்று சிரோய், பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013 இல் எழுதினார்கள். புதிய நேரசூசி போடுங்கள் என்று நான் சொல்லாததற்கு அதுவே காரணம். உங்களிடம் ஏற்கெனவே நாலைந்து நேரசூசிகள் இருக்கும்.

முதலில் பயம் இருந்தது. இப்போது பயத்தின் மேல் வெட்கம் ஏறியிருக்கிறது. பிந்தியதற்கான வெட்கமே மேலும் பிந்தக் காரணமாகிறது. கனடாவின் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. முதல் பரீட்சைக்குப் படிப்பதை ஒத்திப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்கு முன் குறைவாகவே ஒத்திப்போட்டார்கள். நம்மவர்களுக்கு இது கசக்கும். தன்னைத் திட்டினால்தான் உருப்படலாம் என்று வளர்ந்தவர்கள் அல்லவா? எட்டு மாதம் திட்டிப் பார்த்துவிட்டீர்களே, ஒரு பக்கமாவது நகர்ந்ததா?

இன்றிரவே மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள்: "பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். இம்மாத முடிவுக்குள் ஒரு பாடலைப் பற்றி இரண்டு பக்கம் அனுப்புகிறேன்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் தேடப் போனால் இன்னொரு மாதம் போய்விடும்.

வேலையை ஓர் அன்றாடச் செயலோடு கட்டிவையுங்கள்: 'இரவுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்ததும், ஒரே ஒரு பதிவைப் பத்து நிமிடம் கேட்டு எழுதுவேன்.' பத்தாவது நிமிடத்தில் எழும்பிவிடலாம்.

உறக்கமும் பசியும் கெட்டு, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வேறு விடயம். வைத்தியரைப் பாருங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சனிக்கிழமை பழுகாமம் போங்கள். கோப்பு அப்படியே கிடக்கட்டும். தொலைபேசியில் பதிவுகள் இருந்தால் போதும். "மூத்தப்பா, புத்தகம் சுணங்கிப்போயிற்று" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பிறகு, பதிவில் உங்களுக்கு விளங்காத ஒரு சொல்லைப் போட்டுக் காட்டி, களத்தில் அதை எப்போது, எதற்காகப் பாடினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் ஓரத்தில் கேட்டது அதைத்தான்.